பின்வளவு வேலியில காட்டு முந்திரிகை: சாப்பிடலாமோ?

வேலியோரம் · செப்டம்பர் 9, மாலை 6.12

ஸ்காபரோவில பின்வளவு வேலி முழுக்க ஒரு கொடி படர்ந்து கிடக்கு. இலை முந்திரிகை இலை மாதிரி. குலைகுலையாக் கறுத்த பழம், ஒவ்வொண்டும் கடலைப் பருமன். மேல வெள்ளையாப் பொடி பூசின மாதிரி இருக்கு. வேலிக்கு அங்கால ஓடை. ஒருத்தரும் நட்டதில்லை. சாப்பிடலாமோ? அந்த வெள்ளை ஆரும் மருந்தடிச்சதோ?

கீரைக்கட்டு · செப்டம்பர் 9, மாலை 6.40

முந்திரியா? கனடா குளிர்ல வேலியில முந்திரி காய்க்குதா?

ஓடைக்கரை · செப்டம்பர் 9, இரவு 7.05

யாழ்ப்பாணத்தில முந்திரிகை எண்டால் திராட்சை. உங்கட முந்திரி எங்களுக்குக் கஜு, மரமுந்திரிகை. இனி இதில திராட்சை எண்டே எழுதுவம். இல்லாட்டி பேரைப் பற்றியே பத்து நாள் கதைப்பம்.

வேலியோரத்துக்கு. சொன்ன விபரத்துக்கு அது ஆற்றங்கரைத் திராட்சை, வைட்டிஸ் ரிபாரியா. தெற்கு ஒன்ராறியோவின்ர சொந்தக் கொடி. ஓடைக்கரை, ரயில்பாதை, கைவிட்ட வேலி எல்லாத்திலயும் இதுதான். ஆனால் 'திராட்சை இலை மாதிரி' எண்டது காணாது. கிட்டப் போய்ப் பாருங்கோ.

இலை விளிம்பு அரத்தின்ர பல் மாதிரிக் கூரா இருக்கவேணும். இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில சுருள் இருக்கவேணும், அதின்ர நுனி இரண்டாப் பிரிஞ்சிருக்கும். பெருவிரல் மொத்தமான பழைய தண்டைப் பாத்தால் பட்டை நார்நாரா உரிஞ்சு தொங்கும். பிறகு பழத்தைக் குறுக்க வெட்டி விதையைப் பாருங்கோ. ஒண்டு தொடக்கம் நாலு விதை, ஒரு பக்கம் உருண்டு மற்றப்பக்கம் கூம்பி, குட்டிப் பேரிக்காய் மாதிரி. இவ்வளவும் பாத்தாப் பிறகுதான் வாயில வைக்கிறது.

வெள்ளைப்பொடி மருந்தில்லை. பழம் தானே சுரக்கிற மெழுகு. கடைத் திராட்சையிலயும் இருக்கு, விரலால தேய்ச்சால் போயிடும். ஆனால் மாப் பொடி மாதிரிப் படர்ந்து, தோல் வெடிச்சும் இருந்தால் அது சாம்பல்நோய். அந்தக் குலையை விடுங்கோ.

பிரண்டைத்துவையல் · செப்டம்பர் 9, இரவு 9.30

ஓடைக்கரை கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். விதையைப் பார்க்காமல் ஒரு பழம்கூட வேண்டாம். அதே ஓடைக்கரைகளில் வளர்கிற இன்னொரு கொடி இருக்கிறது. நிலாவிதைக் கொடி என்று சொல்லலாம், மெனிஸ்பெர்மம் கனடென்ஸ். பழம் அதே கறுநீலம், அதே அளவு, அதே மெழுகு, பழுக்கிற காலமும் அதே. சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

நம்மவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இது சீந்தில் கொடியின் குடும்பம். மீன் பிடிக்கக் குளத்தில் கலக்கும் காக்காய்க்கொல்லி விதையும் இதே குடும்பம்தான். சீந்தில் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் பல் கிடையாது, வழவழவென்று ஓடும். நிலாவிதையின் இலையும் அப்படித்தான், மூன்று முதல் ஏழு மழுங்கிய மடல்கள் இருக்கலாம், ஆனால் பல் இருக்காது. காம்பு இலையின் விளிம்பில் சேராமல், அடிப்பக்கத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். சுருளே இல்லை, தண்டே பக்கத்தில் இருப்பதைச் சுற்றிக்கொண்டு ஏறும். பழத்துக்குள் ஒரே விதை, தட்டையாக, பிறைநிலாவாக வளைந்து இருக்கும்.

கீரைக்கட்டு · செப்டம்பர் 10, காலை 8.15

அப்ப கணக்கு சுலபம். ஒரு விதைன்னா விஷம், ரெண்டு மூணுன்னா திராட்சை. சரிதானே?

பிரண்டைத்துவையல் · செப்டம்பர் 10, காலை 8.50

சரியில்லை. எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். காட்டுத் திராட்சையிலும் சிறிய பழத்தில் ஒற்றை விதை இருக்கும். ஆனால் அது உருண்டு திரண்ட பேரிக்காய் வடிவம்தான். பிறை வேறு. சந்தேகம் என்றால் விதையைத் துடைத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். பிறை தட்டில் படுத்துக்கொள்ளும், திராட்சை விதை உருளும்.

வேலியோரம் · செப்டம்பர் 10, பகல் 1.20

வேலியின்ர நடுவில பறிச்ச பத்துப் பழம் வெட்டினன். ஏழில இரண்டு விதை, இரண்டில மூண்டு, ஒண்டில ஒண்டு. எல்லாம் பேரிக்காய். பட்டை உரியுது, பல்லும் கூர். அப்ப முழுவதையும் பறிக்கட்டோ?

ஓடைக்கரை · செப்டம்பர் 10, பகல் 1.45

பொறுங்கோ. வேலி முழுக்க ஒரே கொடி எண்டு ஆர் சொன்னது? ஓடைக்கரை வேலியில இரண்டு மூண்டு சாதி பின்னிக்கொண்டுதான் கிடக்கும். குலைக்குக் குலை பாக்கவேணும். குலையின்ர காம்பைப் பிடிச்சு தண்டு வரைக்கும் விரலைக் கொண்டுபோங்கோ. அந்தத் தண்டில பல்லுள்ள இலையும் சுருளும் இருக்கோ எண்டு பாத்து, ஒரு பழம் வெட்டி, பிறகு வாளிக்குள்ள போடுங்கோ. இலை மட்டும் பாத்தால் பக்கத்துக் கொடியின்ர இலை குலைக்கு மேல கிடந்து ஏமாத்தும்.

வேலியோரம் · செப்டம்பர் 10, மாலை 5.55

இடக்கைப் பக்க மூலையில இருக்கிற இலையில பல் இல்லை. குலையும் சின்னன். பழத்தை வெட்டினன். ஒரே விதை, வெட்டின நகத்துண்டு மாதிரி வளைஞ்சு இருக்கு.

பிரண்டைத்துவையல் · செப்டம்பர் 10, மாலை 6.02

அதுதான். ஏற்கெனவே பறித்தது ஏதாவது இருந்தால் எந்த மூலையில் பறித்தது என்று பார்த்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். முழு வாளியையும் குப்பையில் போடுங்கள். பிள்ளைகள் யாராவது தின்றிருந்தால் உடனே நஞ்சுத் தகவல் மையத்துக்கு அழையுங்கள், வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

வேலியோரம் · செப்டம்பர் 10, மாலை 6.10

ஒருத்தரும் சாப்பிடேல்லை. அந்த வாளி குப்பைக்குப் போயிட்டுது. மூலைக்கொடியை எப்பிடி அழிக்கிறது?

ஓடைக்கரை · செப்டம்பர் 10, இரவு 8.30

இழுத்தால் தண்டு அறும், வேர் இருக்கும், அடுத்த வருசம் திரும்ப வரும். நிலத்துக்குக் கீழ மஞ்சள் நிறத்தில கயிறு மாதிரி ஓடுற கிழங்குவேர்தான் அதின்ர உயிர். முதல் குலையளை வெட்டிப் பைக்குள்ள கட்டுங்கோ, நிலத்தில ஒண்டும் சிந்தாமல். பிறகு தண்டை முழங்கால் உயரத்தில வெட்டி, மிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு மஞ்சள் வேரைத் தோண்டிப் பின்தொடருங்கோ. துண்டு விட்டால் முளைக்கும், வசந்தத்தில இரண்டாந்தரம் பாக்கவேணும். வேலிக்கு அங்கால நகரத்தின்ர நிலம் எண்டால் அங்க தோண்டாதேங்கோ. உது இந்த மண்ணின்ர செடிதான், காட்டில இருந்தால் இருந்திட்டுப் போகட்டும். பின்வளவில பிள்ளையள் நிக்கிற இடத்தில வேண்டாம், அவ்வளவுதான்.

மூலையைத் தோண்ட முதல் இன்னொண்டு. மூண்டு இலையாச் சேர்ந்து, தண்டில மயிர் அடர்ந்து ஏறுற கொடி நிண்டால் தொடாதேங்கோ. அது பொய்சன் ஐவி. இலை உதிர்ந்த பிறகும் தண்டு பட்டாலே தோல் கொப்புளிக்கும்.

கீரைக்கட்டு · செப்டம்பர் 11, காலை 7.40

அஞ்சு விரல் மாதிரி இலை, பழம் நீலம், காம்பெல்லாம் ரத்தச் சிவப்பு. இதுவும் வேலியில நிறைய பார்க்கலாம். அதுவும் திராட்சைக் குடும்பம்னு சொல்றாங்களே?

பிரண்டைத்துவையல் · செப்டம்பர் 11, காலை 9.10

வர்ஜீனியா கொடி. திராட்சைக் குடும்பம்தான், பிரண்டையும் அதே குடும்பம்தான். குடும்பம் ஒன்று என்பதால் தின்னலாம் என்று ஆகாது. பிரண்டையை வெறும் கையால் நறுக்கினால் ஏன் அரிக்கிறது? கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள். வர்ஜீனியா கொடியின் பழத்திலும் அதே ஊசிதான், வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பிரண்டைக்கு நல்லெண்ணெயில் வதக்கல், புளி என்று நம்மிடம் பக்குவம் இருக்கிறது. இதற்கு ஒரு பக்குவமும் கிடையாது, விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பீங்கான் கொடி. இலை திராட்சையை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும், ஆனால் ஒரே குலையில் வெள்ளை, ஊதா, மயில்நீலம் என்று பல நிறம், மேலே புள்ளி. தண்டை வெட்டினால் நடுச்சோறு வெள்ளை. திராட்சையில் அது பழுப்பு. பட்டையும் உரியாது.

ஓடைக்கரை · செப்டம்பர் 11, பகல் 12.20

நான் மேல எழுதினதில ஒரு திருத்தம். இலைக்கு எதிர்ப்பக்கத்தில சுருள் எண்டனான். ஒவ்வொரு கணுவிலயும் தேடாதேங்கோ. ரிபாரியாவில இரண்டு கணுவில சுருளோ குலையோ இருக்கும், மூண்டாவது கணு வெறுமை. பிறகும் இரண்டு, பிறகும் வெறுமை. மூண்டு நாலு கணு தொடர்ந்து சுருள் இருந்து, இலையின்ர அடிப்பக்கம் கம்பளி மாதிரி இருந்தால் அது லப்ரஸ்கா வழி. அது வட அமெரிக்காவின்ர இன்னொரு திராட்சைச் சாதி.

ரொறன்ரோவில அதுக்கும் இடமிருக்கு. இத்தாலி, போர்த்துக்கல் ஆக்கள் இருந்த பழைய வீடுகளில கொங்கோட் திராட்சை நட்டு விட்டிருப்பினம். வீடு கைமாறி, பந்தல் விழுந்து, கொடி மட்டும் வேலியில ஏறிக் காடாகிடும். பழம் பெரிசு, கோலிக்குண்டு அளவு. தோலை அமத்தினால் சதை வழுக்கி வெளியில வந்திடும். ரிபாரியா அப்பிடி இல்லை, சின்னன், புளி, பாதிக்கு மேல விதை.

கீரைக்கட்டு · செப்டம்பர் 11, பகல் 12.45

தோல் வழுக்குறது, ஒருமாதிரி அடர் வாசனை... பெங்களூர் நீலத் திராட்சை மாதிரியா?

பிரண்டைத்துவையல் · செப்டம்பர் 11, பகல் 1.30

அதே ரத்தம்தான். பெங்களூர் நீலமும் லப்ரஸ்கா கலப்பு. கம்பம் பன்னீர் திராட்சை வேறு, அது மஸ்கட் ஹாம்பர்க், சுத்த ஐரோப்பிய வகை. கொங்கோட் என்பது மாசசூசெட்ஸில் இருக்கிற ஊர்ப்பெயர். எஃப்ரைம் புல் என்பவர் அங்கே காட்டுக்கொடி விதைகளை முளைக்கவைத்துப் பொறுக்கியெடுத்தது, 1849-இல் முதல் காய்ப்பு.

மார்க்கம்_மாமி · செப்டம்பர் 12, மாலை 4.00

பேர் கண்டுபிடிச்சது போதும். பறிச்சு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பச்சையாச் சாப்பிட்டால் நாலு பழத்துக்கு மேல நாக்கு உரியும். சாறும் ஜெலியும்தான் இதுக்குச் சரி.

இப்ப பறிக்காதேங்கோ, செப்டம்பர் கடைசி மட்டும் விடுங்கோ. பறிக்கிற நேரம் பத்தில இரண்டு பங்கு அரைப்பழமா இருந்தால் நல்லது, ஜெலி உறையிற பெக்ரின் அதிலதான் இருக்கு.

மூண்டு கிலோ குலை. கையுறை போட்டு உருவுங்கோ. இதின்ர புளி வெறும் கையை எரிக்கும், அரை மணித்தியாலத்தில தெரியாது, இரவுதான் தெரியும். காம்பு எல்லாம் எடுத்தால் இரண்டேகால் கிலோ மட்டில வரும். நாலு கப் தண்ணிக்குக் கால் கப் உப்புப் போட்டு அதில கால் மணித்தியாலம் ஊறவிட்டால் பழ ஈயின்ர புழு இருந்தால் மிதக்கும். ஊத்திப்போட்டு நல்ல தண்ணியில இரண்டு தரம் அலசுங்கோ.

எவர்சில்வர் சட்டி. அலுமினியம் வேண்டாம், புளி அரிக்கும். இரண்டு கப் தண்ணி விட்டு உருளைக்கிழங்கு மசிக்கிற மட்டையால மசிச்சு, மெல்லிசாக் கொதி வந்ததும் தணிச்சு பத்து நிமிசம். துணியில கட்டித் தூக்கி இரவு முழுக்க வடியவிடுங்கோ. பிழியக்கூடாது, பிழிஞ்சால் கலங்கும்.

கீரைக்கட்டு · செப்டம்பர் 12, மாலை 4.35

மிக்ஸில ஒரு சுத்து விட்டா வேலை முடிஞ்சுதே மாமி?

மார்க்கம்_மாமி · செப்டம்பர் 12, மாலை 4.50

மிக்ஸி விதையை உடைக்கும். விதைக்குள்ள இருக்கிற துவர்ப்பும் கசப்பும் சாறில இறங்கினால் எத்தினை கிலோ சீனி போட்டாலும் போகாது.

முக்கியமானதை மறந்திட்டன். வடிஞ்ச சாறை நேர ஜெலிக்கு எடுக்காதேங்கோ. கண்ணாடிப் போத்தலில விட்டு பிரிட்ஜில இரண்டு நாள் வையுங்கோ, அசைக்காமல். அடியில சாம்பல் நிறத்தில சேறு மாதிரி ஒண்டு படியும், போத்தல் சுவரில சீனிக்கல்லு மாதிரிப் பளபளக்கும். அது திராட்சையின்ர டார்டாரிக் உப்பு. மேல நிக்கிற தெளிவை மட்டும் சாய்ச்சு எடுங்கோ, கடைசி இரண்டு விரல் உயரத்தை விட்டிடுங்கோ. இதை எடுக்காமல் ஜெலி காய்ச்சினால் ஒரு மாதத்தில ஜெலிக்குள்ள கண்ணாடித்தூள் மாதிரி நறநறக்கும், தொண்டையும் கரகரக்கும்.

தெளிவு நாலு கப்புக்கு சீனி மூண்டு கப். அகலச் சட்டி, நல்ல நெருப்பு. 105 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்குங்கோ. வெப்பமானி இல்லாட்டி பிரீசரில வைச்ச சோசரில ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிசம் பொறுத்து விரலால தள்ளுங்கோ. தோல் மாதிரிச் சுருங்கினால் பதம். 250 மில்லி போத்தல், மேல கால் அங்குலம் இடம் விட்டு மூடி, கொதிக்கிற தண்ணிக்குள்ள பத்து நிமிசம்.

வேலியோரம் · செப்டம்பர் 30, இரவு 9.15

ஜெலி உறையேல்லை. பாணி மாதிரி நிக்குது. நாலு கப் அளவை இரட்டிச்சு எட்டுக் கப்பா ஒரே சட்டியில காய்ச்சினனான்.

மார்க்கம்_மாமி · செப்டம்பர் 30, இரவு 9.40

அதுதான் பிழை. எட்டுக் கப் தண்ணி வத்த எடுக்கிற நேரத்தில பெக்ரின் செத்துப்போகும். நாலு கப்புக்கு மேல ஒருதரமும் ஏத்தக்கூடாது. பழமும் முழுக்கப் பழுத்ததாத்தான் இருந்திருக்கும். எறியாதேங்கோ, போத்தலில விட்டு பாணியாவே பாவியுங்கோ, சோடாத்தண்ணியில இரண்டு கரண்டி விட்டால் நல்ல சர்பத். ஜெலிதான் வேணும் எண்டால் நாலு கப் பாணிக்கு ஒரு பச்சை ஆப்பிளைத் தோலோட விதையோட அவிச்சு வடிச்ச சாறு அரைக் கப் விட்டுத் திரும்பக் காய்ச்சுங்கோ.

கீரைக்கட்டு · அக்டோபர் 1, காலை 10.05

சாறை ரசத்துல போட்டுப் பாருங்க. நெல்லிக்காய் அளவு புளிக்கு பதிலா இனிப்பு சேர்க்காத தெளிஞ்ச சாறு கால் கப். புளியிலயும் டார்டாரிக் அமிலம்தான், அதனால புளிப்பு அப்படியே பொருந்துது. கொதிக்க விடாம நுரை கட்டினதும் இறக்கணும். நிறம் மட்டும் செங்கல் பொடி கரைச்ச மாதிரி வரும், பயப்பட வேண்டாம். பருப்பு போட்டா சேத்து நிறமாயிடும், அதனால மிளகு ரசத்தோட நிறுத்திக்கலாம்.

பிரண்டைத்துவையல் · அக்டோபர் 1, காலை 11.30

வீட்டில் நாய் இருந்தால் இதைப் படியுங்கள். எந்தத் திராட்சையும் நாய்க்கு ஆகாது, சிறுநீரகம் கெட்டுப்போகும். காட்டுத் திராட்சை, கடைத் திராட்சை, உலர்ந்தது எல்லாம் ஒன்றுதான். இவ்வளவு தின்றால்தான் ஆபத்து என்ற அளவும் கிடையாது. 2021 முதல் கால்நடை மருத்துவர்கள் சந்தேகிப்பது இதே டார்டாரிக் அமிலத்தைத்தான். அந்தக் கணக்கில் நம் புளியும் நாய்க்கு ஆகாது. கொடிக்குக் கீழே உதிர்ந்ததைக் கூட்டி எடுங்கள், பிழிந்த சக்கையையும் நாய் எட்டாத இடத்தில் போடுங்கள்.

ஓடைக்கரை · அக்டோபர் 1, பகல் 2.10

இடத்தைப் பற்றியும் ஒருக்கால் சொல்லிவிடுறன், கேள்வி தனிமடலில வருது. ரயில்பாதை, மின்கோபுர வரிசை, பெருந்தெரு ஓரம் வேண்டாம். களைகொல்லி அடிக்கிற இடங்கள். கொடியில ஒரு பக்க இலை மட்டும் முறுகி, விசிறி மாதிரி ஒடுங்கி, நரம்பு நெருங்கி இருந்தால் களைகொல்லி பட்டதின்ர அடையாளம். நகரப் பூங்காக்களிலயும் ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலயும் பறிக்கிறது விதிப்படி கூடாது. சொந்த வேலி, அல்லது அயலவரைக் கேட்டு அவையின்ர வேலி.

உறைபனி விழுந்தாப் பிறகு இனிக்கும் எண்டு சொல்லுவினம். உண்மைதான், புளி குறைஞ்சு பழம் கொஞ்சம் வத்தும். ஆனால் அதுவரைக்கும் றொபின் குருவி விட்டு வைக்காது.

வேலியோரம் · அக்டோபர் 2, காலை 8.00

இலையின்ர அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பரு. இந்த இலையில சோறு வைச்சுச் சுருட்டி அவிக்கலாம் எண்டு பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி சொல்லுறா.

பிரண்டைத்துவையல் · அக்டோபர் 2, காலை 9.20

அக்டோபர் இலை தோல் மாதிரி இருக்கும், வேகாது. ஜூனில் உள்ளங்கை அளவு இலையை, கொடி நுனியிலிருந்து மூன்றாவது நான்காவதாகப் பறித்து, உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சுருட்ட வேண்டும்.

அந்தப் பருவுக்கு ஒரு வரலாறு உண்டு. உள்ளே இருப்பது ஃபிலாக்ஸெரா, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. வட அமெரிக்காவில் இந்தக் கொடிகளோடு பழகிப்போனது, இலையில் பரு வரும், வேருக்கு ஒன்றும் ஆகாது. 1860-களில் அது பிரான்சுக்குப் போனது. ஐரோப்பியத் திராட்சையின் வேர் தாங்கவில்லை, தோட்டம் தோட்டமாகச் செத்தது. கடைசியில் கண்ட வழி, அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது. அதற்குப் போன வேர்களில் ஒன்று உங்கள் வேலியில் நிற்கிற இதே ரிபாரியா. அதிலிருந்து பொறுக்கிய ஒரு வேர்க்கொடி இன்றும் 'ரிபாரியா குளோவார்' என்ற பெயரில் விற்கிறது. பரு உள்ள இலையைச் சமைக்க வேண்டாம், கொடிக்கு மருந்தும் வேண்டாம்.

கீரைக்கட்டு · அக்டோபர் 2, காலை 9.45

அப்ப பிரெஞ்சு ஒயினுக்கு வேலியோரத்து வேர். ராயல்டி கேளுங்க.

வேலியோரம் · மார்ச் 21, மாலை 5.30

இலை ஒண்டுமில்லை, கொடி மட்டும் கயிறா நிக்குது. வெட்டலாமோ? போன வருசம் பழம் எல்லாம் எட்டாத உயரத்தில.

ஓடைக்கரை · மார்ச் 21, இரவு 7.50

இதுதான் நேரம். பழம் இந்த வருசம் முளைக்கிற தளிரில வரும், அந்தத் தளிர் போன வருசத்துத் தண்டில இருந்துதான் காய்க்கிற மாதிரி வரும். பென்சில் மொத்தத்தில, செம்பழுப்பா, பட்டை இன்னும் உரியாமல் இருக்கிறதுதான் போன வருசத் தண்டு. அதில நல்லதா நாலு வைச்சு, ஒவ்வொண்டிலயும் பத்து மொட்டு விட்டு, மிச்சத்தை வெட்டுங்கோ. பத்தில ஒன்பது பங்கு போகும், கை நடுங்கும், வெட்டுங்கோ. ஏப்ரலுக்குப் பிந்தினால் வெட்டின இடத்தால தண்ணி சொட்டும். கொடிக்கு ஒண்டும் ஆகாது, பாக்கிற ஆக்களுக்குத்தான் அந்தரம்.

வேலியோரம் · மார்ச் 24, பகல் 11.10

வெட்டியாச்சு. வலக்கைப் பக்கம் ஒரு கொடி போன வருசம் ஒரு பழமும் காய்க்கேல்லை. சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு நிண்டுது. அதை அடியோட வெட்டிப்போட்டன்.

பிரண்டைத்துவையல் · மார்ச் 24, பகல் 11.40

காய்ந்த குலைக்காம்பு ஒன்றாவது அதில் ஒட்டியிருந்ததா?

வேலியோரம் · மார்ச் 24, பகல் 11.55

ஒண்டும் இல்லை. ஏன்?

பிரண்டைத்துவையல் · மார்ச் 24, பகல் 12.05

இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. நீங்கள் வெட்டியது ஆணாகத்தான் இருக்கும்.

ஓடைக்கரை · மார்ச் 24, பகல் 12.30

அந்தரப்படாதேங்கோ. ஓடை நெடுக ஆண் கொடி எத்தினையோ நிக்குது, ஜூனில மகரந்தம் காத்திலயும் வண்டிலயும் வேலி தாண்டி வரும். அடிக்கட்டை கிளம்பினால் மட்டும் திரும்ப வெட்டாமல் விடுங்கோ.